நிறுத்தி வைத்த மோட்டார்ஹோமும் எத்தனால் கலந்த பெட்ரோலும்

1972-ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனை ஒட்டிய டல்லஸ் விமான நிலையத்தில் டிரான்ஸ்போ 72 என்ற போக்குவரத்துக் கண்காட்சி நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அங்கே ஜி.எம்.சி. என்ற பெயரில் தன் முதல் மோட்டார்ஹோமைக் காட்சிக்கு வைத்தது. அதுவரை வந்த மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் லாரிச் சட்டத்தின் மேல் கட்டிய உயரமான பெட்டிகள். இந்த வண்டியோ தாழ்ந்த தரை, அகன்ற முன்கண்ணாடி, முன்சக்கர இயக்கம், பின்பக்கம் காற்றுப்பை சஸ்பென்ஷன் என்று முற்றிலும் வேறாக இருந்தது. ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரின் 455 கன அங்குல வி8 எஞ்சினை, அதாவது ஏழரை லிட்டர் எஞ்சினை, இதற்குப் பொருத்தியிருந்தார்கள். 1973 முதல் 1978 வரை மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகரில் 13,000-க்குச் சற்றுக் குறைவான வண்டிகள் தயாராயின. உற்பத்தி நின்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவற்றில் கணிசமானவை இன்றும் சாலையில் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் தாங்களே கை அழுக்காக்கிப் பராமரித்து வருகிறார்கள்.

ஆனால் அவை ஓடும் நாள்கள் குறைவு. கோடையில் சில வாரம் ஓடும் வண்டி, மிச்சிகன், மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் ஆறு மாதத்துக்கு மேல் கொட்டகையில் நிற்கும். தரைக்கு அடியில் இரண்டு இரும்பு டேங்குகள். இரண்டும் சேர்ந்து 50 கேலன், ஏறத்தாழ 189 லிட்டர். 1973-இல் அந்த டேங்குகளில் ஊற்றிய பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இன்று அமெரிக்க பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் மிகப் பெரும்பகுதி 10% எத்தனால் கலந்த இ10. எத்தனாலையே அறியாத ரப்பரும் உலோகமும் கொண்ட வண்டி, எத்தனால் கலந்த பெட்ரோலை வயிற்றில் வைத்துக்கொண்டு அரை வருடம் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? பழைய வண்டிப் பிரியர்கள் நடுவே இருபது ஆண்டுகளாக ஓயாத விவாதம் இது.

எத்தனால் எல்லாவற்றையும் அரித்துத் தின்றுவிடும் என்பது ஒரு கட்சி. ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் கவலையே இல்லை என்பது இன்னொரு கட்சி. இதுவரை நடந்த சோதனைகளையும் பட்டறை அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுமே தப்பு என்று தெரிகிறது. சேதத்தின் பெரும்பங்கு காலத்துக்கும் கிழட்டு ரப்பருக்கும் உரியது. எத்தனால் அதை விரைவுபடுத்துகிறது. பாட்டிலுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை வண்டிக்கு அடியில் இருக்கும் ஹோஸ்களுக்குச் செலவிட்டாலே பல வண்டிகள் பிழைத்துவிடும். சில வண்டிகள் எரியாமலும் இருக்கும்.

எத்தனால் பங்க்குக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1978-ஆம் ஆண்டின் எரிசக்தி வரிச் சட்டம் சாராயம் கலந்த பெட்ரோலுக்கு வரிச் சலுகை அளித்தது. 1990-இல் திருத்திய தூய காற்றுச் சட்டம், காற்று மாசுபட்ட நகரங்களில் ஆக்சிஜன் கொண்ட சேர்மானம் பெட்ரோலில் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முதலில் பயன்பட்ட எம்.டி.பி.இ. நிலத்தடி நீரில் கலந்து பெரும் பிரச்சினையானதால் கலிஃபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் 2004-ஐ ஒட்டி அதைத் தடை செய்தன. அந்த இடத்துக்கு எத்தனால் வந்தது. 2005, 2007 ஆண்டுகளின் மத்தியச் சட்டங்கள் புதுப்பிக்கத்தக்க எரிபொருளை ஆண்டுதோறும் கூடுதலாகக் கலக்கக் கட்டாயப்படுத்தின. சுத்திகரிப்பு ஆலைகளும் தங்கள் முறையை இதற்கேற்ப மாற்றிக்கொண்டன. 84 ஆக்டேன் தரத்தில் பெட்ரோலைத் தயாரித்து, 10% எத்தனாலைச் சேர்த்து 87 ஆக்குகிறார்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் போகும்; டேங்கில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி உதவும்.

முதலில் தண்ணீர். எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான்.

எத்தனால் தண்ணீரோடு எளிதில் கலக்கும், பெட்ரோல் கலக்காது. எத்தனால் இல்லாத பெட்ரோல் 189 லிட்டரில் 40 மில்லி தண்ணீர்கூடக் கரையாது. மிச்சமெல்லாம் டேங்கின் அடியில் தனியாகத் தங்கி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். இ10 பெட்ரோலோ 15 டிகிரி வெப்பத்தில் தன் அளவில் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 189 லிட்டருக்கு அது தொள்ளாயிரம் மில்லிக்கு மேல். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை எத்தனால் ஒரு வகையில் நல்லதே செய்கிறது. சிறிது சிறிதாகச் சேரும் ஈரத்தை எஞ்சினுக்குக் கொண்டுபோய் ஆவியாக்கிவிடுகிறது. பழைய காலத்தில் பெட்ரோல் குழாய் உறையாமல் இருக்கக் குளிர்நாட்டு ஓட்டுநர்கள் டேங்கில் சாராயம் ஊற்றியதும் இதற்காகத்தான்.

எல்லையைத் தாண்டினால் கதை மாறுகிறது. தண்ணீர், தன்னோடு எத்தனாலின் பெரும்பகுதியையும் இழுத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்குகிறது. இரண்டு டேங்கும் நிறைந்திருந்தால் அதில் எத்தனால் மட்டும் கிட்டத்தட்ட 19 லிட்டர். ஆகவே கீழே தங்குவது ஏதோ சில சொட்டு அல்ல, பல லிட்டர். எஞ்சினுக்குப் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கலவையில் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. இரும்பும் அலுமினியமும் அதில் ஊறினால் அரிப்பு வேகமெடுக்கும். மேலே மிஞ்சிய பெட்ரோலோ ஆக்டேன் இழந்த சரக்கு. குளிர் இதை இன்னும் மோசமாக்கும். வெப்பம் குறையக் குறைய இ10 தாங்கும் தண்ணீரின் அளவும் குறைகிறது. அக்டோபரில் எல்லைக்கு அருகே இருந்த பெட்ரோல், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புதிதாகச் சேராமலே ஜனவரிக் குளிரில் பிரிந்துவிடலாம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சில வாரத்தில் டேங்க் பாழாகும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. படகு எஞ்சின் தயாரிக்கும் விஸ்கான்சினின் மெர்குரி மரீன் நிறுவனம் இதை மறுக்கிறது. தண்ணீர் மேலேயே வாழும் படகில்கூட, காற்றோட்டக் குழாய் வழியாக நுழையும் ஈரம் சாதாரண நிறுத்தி வைப்பில் பிரச்சினை ஆகும் அளவுக்கோ வேகத்துக்கோ சேர்வதில்லை என்பது அதன் விளக்கம். கொலராடோவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் ஈரக்காற்றில் எத்தனால் பெட்ரோலை வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. தண்ணீர் சேர்ந்து பிரிவதற்கு முன்பே, பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிப் போவதால் அது தரம் கெட்டுவிடுகிறது. அந்த ஆய்வகம் அரசுடையது. எத்தனால் ஆதரவாளர்களுக்குச் சாதகமான முடிவு என்று சிலர் தள்ளிவிடலாம். ஆனால் எத்தனாலால் அதிகப் புகார் வாங்கும் படகுத் தொழிலைச் சேர்ந்த நிறுவனமும் அதையே சொல்வதால் இதை நம்பலாம்.

அப்படியானால் உண்மையான வாசல்கள் வேறு. ஐம்பது வயது வண்டியின் டேங்க் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். திறந்த வெளியில் நிற்கும் வண்டியில் மழைநீர் அந்த வழியாக இறங்கும். நிரப்பும் குழாயை டேங்கோடு இணைக்கும் ஹோஸில் கீறல் இருக்கும். பங்க்கின் தரைக்கடி டேங்கிலேயே தண்ணீர் இருந்திருக்கலாம். பாதி காலியான டேங்கில் பகல் இரவு வெப்ப மாற்றத்தால் உள்ளே வந்துபோகும் காற்று, குளிர்ந்த இரும்பில் பனித்துப் படியும். இதுவும் கொஞ்சம் சேர்க்கும். சில டாலர் விலையுள்ள மூடி வளையத்தைப் புதிதாகப் போடுவதே தண்ணீருக்கு எதிரான முதல் காப்பு. கடையில் விற்கும் எந்த பாட்டிலுக்கும் இல்லாத பலன் அதற்கு உண்டு.

இரண்டாவது எதிரி பெட்ரோலின் சொந்த வயது. எத்தனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்ரோல் கெடும். எளிதில் தீப்பற்ற உதவும் லேசான பகுதிகள் முதலில் பறந்துவிடுகின்றன. அதனால்தான் பழைய பெட்ரோலில் குளிர்ந்த எஞ்சின் உயிர் பெற மறுக்கிறது. மிச்சத்தில் சில சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகின்றன. கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைப்பது அந்தப் பழுப்புப் பிசின். எத்தனால் நல்ல கரைப்பானாகவும் இருப்பதால் இன்னொரு தொல்லை வருகிறது. பல பத்தாண்டுகள் டேங்கின் சுவரில் ஒட்டிக் கிடந்த பிசினையும் துருத்தூளையும் அது உரித்துக் கிளப்பிவிடும். எத்தனாலுக்கு மாறிய முதல் ஆண்டில் ஃபில்டர்கள் அடுத்தடுத்து அடைபடுவதற்கு இது காரணம்.

மூன்றாவது எதிரியான ரப்பரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

படகுகள் இதற்குக் கடுமையான பாடம். நியூயார்க், கனெக்டிகட் பகுதிகளில் எம்.டி.பி.இ. தடைக்குப் பின் இ10 வந்தபோது, 1970-களிலும் 80-களிலும் கட்டிய சில உயர்தரப் படகுகளின் எஞ்சின்கள் திடீரென்று பழுதாகின. உள்ளிழுக்கும் வால்வுகளில் தார் போன்ற கறுப்புப் படிவு. அந்தப் படகுகளின் பெட்ரோல் டேங்குகள் ஃபைபர்கிளாஸால் ஆனவை. அதன் பழைய வகைப் பிசினை எத்தனால் கரைத்து எஞ்சினுக்கு அனுப்பியிருந்தது. படகு உரிமையாளர் சங்கமான போட்யூஎஸ் இதைப் பதிவு செய்து எச்சரித்தது. டேங்கையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. பல படகுகளில் அதற்குத் தளத்தையே அறுக்க வேண்டியிருந்தது. மோட்டார்ஹோம்களின் டேங்க் இரும்பு என்பதால் இந்தக் கதி இல்லை. ஆனால் துருப்பிடித்த டேங்கின் உட்புறம் பூசும் பழைய வகை அடைப்புப் பூச்சுகளுக்கு இதே கதி உண்டு. எத்தனாலில் அவை தளர்ந்து தோலாக உரிந்து, உறிஞ்சும் குழாயின் வலையை மூடிவிடும். முந்தைய சொந்தக்காரர் பூச்சு போட்ட டேங்கை வாங்கியவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்புகிறது, பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. நனைந்து காய்ந்து நனைவதுதான் அதைக் கொல்கிறது. நிறுத்தி வைக்கும் வண்டிக்கு ஆண்டுதோறும் நடப்பது அதுவே. கண்ணுக்குத் தெரியாமல் ரப்பரின் ஊடாகக் கசியும் பெட்ரோல் ஆவியும் எத்தனாலால் கூடுகிறது. கலிஃபோர்னியாவின் வாகனங்களை வைத்து கோஆர்டினேட்டிங் ரிசர்ச் கவுன்சில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், எம்.டி.பி.இ. பெட்ரோலைவிட எத்தனால் பெட்ரோலில் இந்தக் கசிவு சராசரியாக 65% கூடியது. மூடிய கொட்டகையில் பெட்ரோல் வாசம் வீசுகிறது, சொட்டு எங்கும் தெரியவில்லை என்று திகைக்கும் உரிமையாளருக்கு இது ஒரு விளக்கம். வாசத்தை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஜி.எம்.சி. மோட்டார்ஹோமில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்கு அதன் அமைப்பு காரணம். டேங்குகள் தரைக்கும் சட்டத்துக்கும் இடையே நெருக்கமாகத் தொங்குகின்றன. பெட்ரோல் போகும் ஹோஸ்களும் ஆவி வெளியேறும் ஹோஸ்களும் டேங்கின் தலையில் இணைந்திருக்கின்றன. டேங்கை இறக்காமல் அவற்றைக் கண்ணால் பார்ப்பதே கடினம். ஆகவே முன்பக்கம் எஞ்சின் அருகே தெரியும் ஹோஸ்களை மட்டும் மாற்றிவிட்டு, மேலே மறைந்திருக்கும் 1970-களின் ரப்பரோடு பல வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெட்ரோல் கசிந்து சூடான எக்சாஸ்ட்டில் விழுந்தால் தீ. உள்ளே மரமும் பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த ஒரு வீடு அது. பற்றினால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். டேங்கை இறக்குவது அலுப்பான, ஒரு முழு வார இறுதியைத் தின்னும் வேலை. இருந்தாலும் பழைய மோட்டார்ஹோம் வாங்குகிற ஒருவர் வெளிப்பூச்சுக்கும் மெத்தைத் துணிக்கும் கைவைக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை இதுதான்.

எந்த ஹோஸ் போடுவது? மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்க வேண்டும். எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்றிருப்பது கார்புரேட்டர் வண்டிகளுக்கான சாதாரண ஹோஸ். 30ஆர்9-இன் உட்புறம் விட்டான் போன்ற ஃப்ளோரோ ரப்பர் பூசியிருப்பார்கள். எத்தனாலை அது நன்றாகத் தாங்கும். 30ஆர்14 ஆவிக் கசிவையும் கட்டுப்படுத்தும். டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு 30ஆர்10 வேண்டும். மற்றவை வெளிப்புறத்தால் கரையும். நிரப்பும் குழாய்க்கான பெரிய ஹோஸுக்குப் படகுக் கடைகளில் கிடைக்கும் ஏ1-15 தரம் பொருந்தும். விலை மூன்று நான்கு மடங்கு ஆகலாம். நீளம் சில மீட்டர்தான். திருகாணியால் இறுக்கும் பல்வெட்டுக் கிளாம்புகள் ஹோஸின் தோலை அறுக்கும் என்பதால், விளிம்பு மடிந்த இன்ஜெக்‌ஷன் கிளாம்புகளை வாங்குவது நல்லது. ‘ஒரிஜினல் பழைய சரக்கு’ என்று பெட்டி பிரிக்காமல் விற்கும் 1970-களின் பம்ப்புகளையும் கார்புரேட்டர் கிட்டுகளையும் ஆசைப்பட்டு வாங்கக் கூடாது. பெட்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனாலை அறியாத ரப்பர்.

இந்த ரப்பரையும் அழுக்கையும் சரிசெய்துவிட்டால் எத்தனால் எவ்வளவு ஆபத்து? இதற்கு நல்ல விடை தருவது, பாண்டியாக்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஃபிளிண்ட் நகரின் கெட்டரிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. பழைய வாகனங்களுக்குக் காப்பீடு அளிக்கும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் ஈடுபாட்டோடு, பழைய கார்களின் கார்புரேட்டர்களையும் பெட்ரோல் பம்ப்புகளையும் 1,500 மணி நேரம் இ10-இல் இயக்கிப் பார்த்தார்கள். படிவை நீக்கி, காலாவதியான பாகங்களை மாற்றி, ஒழுங்காகத் தயார் செய்த அமைப்பு இ10-ஐப் பெரும்பாலும் தாங்கும் என்பது அதன் சாரம். ஓடும் காருக்குச் சரியான முடிவு. ஆறு மாதம் நிற்கும் வண்டிக்கு இதை அப்படியே நீட்டிவிடக் கூடாது என்றாலும், பீதிக்கு இது நல்ல மாற்று.

உலோகங்களில் கவனிக்க வேண்டியவை ஈயமும் துத்தநாகமும் அலுமினியமும். அக்காலத்து டேங்குகள் பலவற்றுக்கு உட்புறம் ஈயமும் தகரமும் கலந்த பூச்சு இருந்தது. ஈரம் சேர்ந்த எத்தனாலில் அது மெல்ல விட்டுக்கொடுக்கும். எத்தனாலும் தண்ணீரும் காற்றும் சேர்ந்த இடத்தில் அசிட்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து இரும்பையும் செம்பையும் அரிக்கக்கூடும் என்பதை போல்டரிலுள்ள அமெரிக்கத் தேசியத் தர ஆய்வகம் காட்டியது. அந்த ஆய்வு பங்க்குகளின் தரைக்கடித் தொட்டிகளைப் பற்றியது. வண்டி டேங்குக்கு நேரடியாகப் பொருத்த முடியாவிட்டாலும், பிரிந்த அடிக்கலவையை ஏன் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு அது காரணம் சொல்கிறது.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் 1-இல் சாதாரண பெட்ரோல் இ10 ஆனது. பழைய வாகனங்களுக்கு 5% எத்தனால் உள்ள சூப்பர் தரத்தைப் போடும்படி அரசு சொன்னது. பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு சில அரிப்புத் தடுப்பு மருந்துகளைச் சோதித்து ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதல் உலோக அரிப்புக்கு மட்டுமே. ரப்பருக்கோ, எரிதலில் வரும் மாற்றத்துக்கோ அது பொறுப்பேற்கவில்லை. பாட்டில் வாங்குகிற பலர் அந்த வரியைப் படிப்பதில்லை.

ஜி.எம்.சி. வண்டியின் தலையில் உட்கார்ந்திருப்பது ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். நல்ல கருவி, ஆனால் நிறுத்தி வைக்கும்போது அதற்கென்று சில பலவீனங்கள் உண்டு. அதன் மிதவை நுண்ணறைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காலப்போக்கில் பெட்ரோலை உறிஞ்சி எடை கூடி, மட்டத்தைத் தப்பாகக் காட்டும். அடியிலுள்ள அடைப்பான்கள் கசிந்து கிண்ணம் மெல்ல வற்றும். ஆக்சிலரேட்டர் பம்ப்பின் ரப்பர்க் கிண்ணம் எத்தனாலில் உப்பிச் சிக்கும், அல்லது காய்ந்து விறைக்கும். புதுப்பிக்கும்போது அடைப்பான்களை எபாக்சியால் மூடி, எத்தனால் தாங்கும் பம்ப் கிண்ணமும் புது மிதவையும் போடுவது இன்று வழக்கம். இ10-இல் எரிதலுக்கு வேண்டிய காற்று கொஞ்சம் குறைவு. பழைய அளவில் வைத்த கார்புரேட்டர் சற்றே வறண்டு, அதாவது காற்று மிகுந்து, ஓடும். ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் சரியாகும்.

டேங்கை நிரப்பி நிறுத்துவதா, காலி செய்து நிறுத்துவதா? நிரப்பினால் காற்று குறைவு, பனிப்பு குறைவு, ஆவியாவதும் குறைவு. ஆனால் கெட்டுப்போனால் 189 லிட்டரும் கெடும். காலி செய்தால் கெட எதுவும் இல்லை. ஆனால் வெற்று இரும்பு துருப்பிடிக்கும், நனைந்தே பழகிய ரப்பர் காய்ந்து வெடிக்கும், ஆவி நிறைந்த காலி டேங்க் தீக்கு நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. ஒரு குளிர்காலத்துக்கு என்றால் எத்தனால் இல்லாத பெட்ரோலால் 90-95% நிரப்பி, விரிவடையச் சிறிது இடம் விட்டு நிறுத்துவது நல்லது. இரண்டு மூன்று ஆண்டு நிற்கப் போகிற வண்டிக்குக் காலி செய்து, உலர்த்தி, திறக்கும்போது ரப்பர் எல்லாவற்றையும் மாற்றத் தயாராக இருப்பதே வழி. பாதி நிரப்பி மறந்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் நிற்கின்றன.

எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃபுளோரிடாவில் படகுகளுக்காக ‘ரெக் 90’ என்ற பெயரில் பரவலாக விற்கிறார்கள். மினசோட்டா பெட்ரோலில் எத்தனாலைக் கட்டாயமாக்கிய மாநிலம். ஆனாலும் அங்குள்ள சட்டம் சேகரிப்பு வாகனம், படகு, பனிவண்டி, மோட்டார் சைக்கிள், சிறு எஞ்சின்களுக்கு மட்டும் கலப்பில்லாத பிரீமியம் பெட்ரோலை அனுமதிக்கிறது. பம்ப்பிலேயே அந்த அறிவிப்பை ஒட்டியிருப்பார்கள். அயோவாவின் நிலை வேறு. நாட்டிலேயே அதிக எத்தனால் தயாரிக்கும் மாநிலம் அது; வின்னபேகோ மோட்டார்ஹோம்கள் 1966 முதல் பிறந்த ஃபாரஸ்ட் சிட்டியும் அங்கேதான் இருக்கிறது. 2022-இல் நிறைவேறிய அயோவா சட்டம், 2026 முதல் பெரும்பாலான பங்க்குகள் 15% எத்தனால் கொண்ட இ15-ஐயும் விற்க வேண்டும் என்கிறது. இ15-ஐ 2001-க்கு முந்தைய எந்தக் காரிலும் போட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதிக்கவில்லை. கனரக பெட்ரோல் எஞ்சின்களுக்கும் அனுமதி இல்லை. பம்ப்பில் ஆரஞ்சு நிற இ15 ஒட்டு இருந்தால் பழைய மோட்டார்ஹோம் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். விலை குறைவாக இருப்பதால் 200 லிட்டர் நிரப்புகிறவருக்கு ஆசை வரும் என்பதும் உண்மை. எத்தனால் இல்லாத விமானப் பெட்ரோலைச் சிலர் நாடுவார்கள். அது நீண்ட நாள் கெடாதுதான். ஆனால் அதில் ஈயம் இருக்கிறது, சாலை வண்டியில் ஊற்றுவது சட்டப்படி குற்றம்.

இனி பாட்டில். ஸ்டாபில் போன்ற நிலைப்படுத்திகள் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன, சிலவற்றில் அரிப்புத் தடுப்பும் உண்டு. இரண்டரை கேலனுக்கு ஓர் அவுன்ஸ் என்பது அதன் அளவு. 50 கேலனுக்கு 20 அவுன்ஸ், கிட்டத்தட்ட 590 மில்லி. புதிய பெட்ரோலில் கலந்தால்தான் பலன். மருந்தை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோலை நிரப்பி, இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். இரண்டு டேங்க் உள்ள வண்டியில் மாற்றுச் சுவிட்சைப் போட்டு இரண்டு டேங்கிலிருந்தும் ஓட்டினால்தான் இரண்டு குழாய்களிலும் மருந்து கலந்த பெட்ரோல் நிற்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஏற்கனவே கெட்டதை எந்த பாட்டிலும் மீட்காது. பிரிந்த பெட்ரோலை மறுபடி சேர்க்கும் மருந்து என்று எதுவும் இல்லை.

மோட்டார்ஹோமில் இன்னொரு எஞ்சினும் இருக்கிறது: மின்சாரம் தரும் ஓனன் ஜெனரேட்டர். சிறிய கார்புரேட்டர், மெல்லிய துளைகள். முதலில் அடைபடுவது அதுதான். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பாதிச் சுமை கொடுத்து ஓட்டச் சொல்வது பொதுவான பரிந்துரை. சும்மா ஓட்டினால் ஈரம் உலராது. ஹீட்டரோ ஏசியோ போட வேண்டும். மோட்டார்ஹோம்களில் பொதுவாக ஜெனரேட்டரின் உறிஞ்சுகுழாய் டேங்கின் அடிவரை போகாது. ஊர் திரும்பக் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்பதற்காக மேலேயே நிறுத்தியிருப்பார்கள். அதனால் ஜெனரேட்டர் நன்றாக ஓடுகிறது, ஆகவே பெட்ரோல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கெட்டது அதற்குக் கீழே இருக்கலாம்.

இந்தியாவில் வாழும் தமிழ் வாசகருக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. 2014-இல் இந்திய பெட்ரோலில் சராசரியாக 1.5% இருந்த எத்தனால் 2025-இல் 20%-ஐ எட்டியது. சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் பழைய காரும், தாத்தாவின் லாம்ப்ரட்டாவும் மாதக்கணக்கில் நிற்கும் வீடுகளில் மேலே சொன்ன ரப்பர், மூடி, பிசின் விவரங்கள் அப்படியே பொருந்தும்.

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு இறங்கும். கீழ்ப்பகுதி 10-லிருந்து 19-ஐ நெருங்கினால் அது இ10. 10-லேயே நின்றால் கலப்பில்லாதது. டேங்கின் அடியில் தண்ணீர் தேடும் பசையைக் கோலில் தடவி விடுகிறவர்கள், எத்தனால் கலவைக்கென்று தயாரித்த பசையை வாங்க வேண்டும். பழைய வகை சாராயத்தோடு கலந்த தண்ணீரைச் சரியாகக் காட்டாது.

வசந்தத்தில் வண்டியை எழுப்பும்போது முதலில் சாவியைத் திருப்பக் கூடாது. டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கோடு விழுந்தால், அல்லது கலங்கலாக இருந்தால், அந்த டேங்க் முழுவதையும் வடித்து மாவட்ட அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். புதுப் பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் கார்புரேட்டரில் முடியும். தெளிவாக இருந்தால் கார்புரேட்டர் வாயிலுள்ள சிறு ஃபில்டரை மாற்ற வேண்டும். டேங்க் அருகே மின்சாரப் பம்ப் பொருத்திய வண்டி என்றால், எஞ்சினை ஓட்டாமல் பம்ப்பை மட்டும் ஒரு நிமிடம் இயக்கி, ஒருவர் டார்ச் விளக்கோடு அடியில் படுத்து ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஆயில் அழுத்தம் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத வண்டியில் அதை முதலில் போட்டாக வேண்டும். எஞ்சின் அணைந்த பிறகும் ஓடும் பம்ப், அறுந்த ஹோஸ் வழியாக டேங்கையே காலி செய்துவிடும். தீயணைப்புக் கருவி கையெட்டும் தூரத்தில், கொட்டகைக் கதவு முழுக்கத் திறந்து, ஈரக் கறை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.